தொழுகை விரிப்பின் மடிப்பில் இரண்டு மாத்திரைகள்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் முப்பத்து நான்கு வயதுப் பெண், பெற்றோருடன் ஒரே வீட்டில் வசிக்கிறார். அவருடைய அத்தாவுக்கு (தந்தைக்கு) வயது அறுபத்து நான்கு. பதினேழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பத்து வாரங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு கண்டறியப்பட்டு, பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இதயத்தின் ரத்தம் வெளித்தள்ளும் திறன் இப்போது நாற்பது சதவீதம். பன்னிரண்டாவது வயதிலிருந்து ஒரு ரமலானிலும் ஒரு நோன்பைக்கூட விடாதவர். இன்னும் மூன்று வாரத்தில் ரமலான் தொடங்கவிருக்கும் நிலையில், உடம்பு தாங்குகிறதா என்று தாமே சோதித்துப் பார்க்கச் சென்ற வாரம் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்திருக்கிறார். விடியலுக்கு முன் கொஞ்சம் சாப்பிட்டுச் சர்க்கரை மாத்திரையையும் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையையும் விழுங்கியவர், எட்டு மணிக்கு அம்மா கொடுத்த மற்ற மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டு, காலை உணவை அறையிலேயே சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு, சட்டை முழுக்க வியர்த்து, தொழுகை விரிப்பில் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தவரை மகள்தான் பார்த்தார். ரத்தச் சர்க்கரை 58. அம்மா அழுத பிறகே சர்க்கரை நீரைக் குடித்தார். விரிப்பை மடித்து வைக்கும்போது அதன் மடிப்பில் இரண்டு மாத்திரைகள் இருந்தன: ஒன்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல், மற்றொன்று நீர் பிரிவதற்கான மாத்திரை.

அண்ணன், "ஆயுள் இறைவன் கையில் இருக்கிறது, அத்தாவைத் தடுக்க நீ யார்?" என்று கேட்கிறார், ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் அத்தாவை உம்ராவுக்கு (மக்காவுக்கான புனிதப் பயணம்) அழைத்துச் செல்வதாக அறுவை சிகிச்சையன்று நேர்ந்துகொண்டும் இருக்கிறார். மகள் முக்கியமாகக் கேட்பவை மூன்று. அத்தா நோன்பு வைக்கலாமா? கூடாது என்றால், 'வைத்தால் இதயம் நின்றுவிடும்' என்று பயமுறுத்தி ஒரு கடிதம் எழுதித்தர முடியுமா, அல்லது மாத்திரைகளைப் பொடித்து உணவில் கலந்து கொடுத்துவிடலாமா? பெருநாளன்று உறவினர் எவரும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

நான் இதய மருத்துவன்; மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் மருத்துவமும் மார்க்கமும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன். தொழிலுக்கு வந்த புதிதில், 'நோன்பு கூடாது' என்று சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். பெருநாள் முடிந்து பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் மெதுவாகக் கேட்டால், பலர் முப்பது நோன்பையும் வைத்திருப்பார்கள். என்னிடம் மட்டும்தான் மறைத்திருப்பார்கள். 2001-ஆம் ஆண்டில் 13 நாடுகளைச் சேர்ந்த 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அந்த மாதத்தில் குறைந்தது பதினைந்து நாள் நோன்பு வைத்திருந்தது தெரியவந்தது. கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட அவர்களிடம் ஏழரை மடங்கு கூடியிருந்தது. தடை உத்தரவு வேலை செய்வதில்லை என்பதை எனக்கு உணர்த்திய எண்கள் இவை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியதும் அந்த 58 அல்ல, விரிப்பின் மடிப்பில் இருந்த அந்த இரண்டு மாத்திரைகள்தான்.

இந்த ஆண்டு நோன்பு

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: இந்த ரமலானில் உங்கள் அத்தா நோன்பு வைப்பது பாதுகாப்பானது அல்ல. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, நீரிழிவும் ரமலானும் குறித்து இயங்கும் பன்னாட்டுக் கூட்டணியுடன் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நோய் வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று, என்ன மருந்து, சமீபத்தில் சர்க்கரை தாழ்ந்ததா, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறார்கள். ஆறுக்கு மேல் போனால் அபாயம் அதிகம், நோன்பைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் முடிவு. நீங்கள் எழுதியுள்ள விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தாலே அவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

அன்று பிற்பகல் என்ன நடந்தது என்று புரிந்தால் காரணமும் புரியும். அவர் விடியலில் விழுங்கிய கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். முந்தைய இரவு வழக்கமான அளவில் போட்ட இன்சுலின் ஊசியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. சர்க்கரை தாழும்போது படபடப்பும் நடுக்கமும் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். ஆனால் அவர் சாப்பிடும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை அந்த இரண்டையும் மறைத்துவிடும்; வியர்வையை மட்டும் மறைக்காது. நீங்கள் பார்த்த நனைந்த சட்டைதான் அவர் உடம்பு கொடுக்க முடிந்த எச்சரிக்கை. சர்க்கரை தாழ்ந்தால் அட்ரினலின் பொங்கும், பலவீனமான இதயத்தில் அது துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். இதற்கு மேல், நீர் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் தவிக்கும். அந்த மாத்திரையை விட்டுவிட்டாலோ நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும்.

ஆக, அன்று அவர் விழுங்கியது உணவில்லாத நாளில் விழுங்கக் கூடாத மாத்திரை. ஒளித்து வைத்ததோ ஒரு நாளும் விடக்கூடாத மாத்திரை. குளோபிடோகிரெல் ஒரு நாளைக்கு ஒரு முறைதான். அதை இரவுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. யாரிடமாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் 'கூடாது' என்று சொல்லிவிடுவோமே என்றுதான் அவர் கேட்கவில்லை.

உங்கள் எண்ணத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தாலே ஆயுள் முழுக்க நோன்பு கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள்; அது சரியல்ல. நோய் நிலைப்பட்டு, தாழ்வை உண்டாக்காத மருந்துகளுக்கு மாற்றப்பட்டவர்கள் பலர் மருத்துவரின் கண்காணிப்பில் நோன்பு வைக்கிறார்கள். அத்தாவுக்கும் ஓராண்டு கழித்து மறுபடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்து, மருந்தை மாற்றி அமைத்தால் பதில் மாறலாம். மாறும் என்று இப்போதே உறுதி தர மாட்டேன். ஆனால் 'இனி எப்போதும் இல்லை' என்ற சொல்லை யாரும் அவரிடம் சொல்லாதீர்கள்.

அவரிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது

பயமுறுத்தும் கடிதத்தை நான் எழுதித் தரமாட்டேன். உங்கள் மருத்துவரும் தரக்கூடாது. அன்று நோன்பு வைத்தார், இதயம் நிற்கவில்லை. அப்படியிருக்க அந்தக் கடிதத்தை அவர் நம்புவாரா? மாத்திரையைப் பொடித்துக் கலப்பது அதைவிடத் தவறு. அவர் நினைவு தெளிவாக உள்ள மனிதர். எந்தச் சிகிச்சையை ஏற்பது, எதை மறுப்பது என்பது அவர் உரிமை. அது ஒருபுறமிருக்க, கலந்ததை அறியாமல் அவரே ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டால் அளவு இரட்டிப்பாகும். சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்டவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும். உண்மை தெரிகிற நாளில், உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கத் தயங்குவார்.

அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்து வாரமாக அவர் சட்டைப் பொத்தானை இன்னொருவர் போடுகிறார். குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது என்கிறீர்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவமனையில் பழக்கியிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக யார் துணையும் இல்லாமல் அவர் செய்துவந்த காரியம் நோன்பு. அதையும் ஒரு சீட்டில் எழுதிப் பறித்தால், எஞ்சுவது நோயாளி என்ற பெயர் மட்டுமே. மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. தூக்கம் கெடுவது, பேரப்பிள்ளைகளிடம்கூட ஆர்வம் குன்றுவது, 'எனக்கு எதற்கு இனி' என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். நோன்பு வைத்தே தீருவேன் என்பதன் பின்னால் சில நேரங்களில் அதுவும் இருக்கும்.

நோன்பைக் கடமையாக்கும் குர்ஆன் வசனங்களின் தொடரிலேயே (இரண்டாம் அத்தியாயம், 183 முதல் 185 வரை) நோயாளிக்கான விலக்கும் இருக்கிறது. வேறு நாட்களில் கணக்கைப் பூர்த்தி செய்யலாம் என்றும், இறைவன் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை அல்ல என்றும் அங்கேயே வருகிறது. அறுபது ஆண்டாக ஓதி வருகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். அது பிறருக்கு உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதை மகள் எடுத்துச் சொன்னால் அவருக்கு அது கெஞ்சலாகத்தான் கேட்கும். அவர் மதிக்கும் ஹஸ்ரத் (மார்க்க அறிஞர்) சொன்னால் அது மார்க்கமாகவே அவர் காதில் விழும். உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த நற்செயல்களின் நன்மை, நோயுற்ற காலத்திலும் அடியானுக்கு எழுதப்படும் என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் பதிவான நபிமொழி ஒன்று உண்டு. அதை எப்போது, எந்தச் சொல்லில் சொல்வது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஹஸ்ரத்திடம் போகும் முன் மருத்துவரிடம் போங்கள். ஏனெனில் ஹஸ்ரத் உங்களிடம் கேட்கப்போகும் முக்கியமான கேள்வி மருத்துவக் கேள்விதான்: இது குணமாகும் நோயா, ஆகாத நோயா? குணமாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால், விட்ட நோன்புகளைப் பின்னால் களாச் செய்யலாம், அதாவது வேறு நாட்களில் ஈடுகட்டலாம். இல்லையென்றால் நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா. அச்சமூட்டும் கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டிய கடிதத்தில் மூன்று வரி போதும்: இந்த ஆண்டு ஏன் கூடாது, எப்போது மறுபரிசீலனை, அதுவரை இவரை எந்த வகையில் கருதலாம். சந்திர மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். களா என்றால் பகல் குறுகிய, குளிர்ந்த நாட்களை இடைவெளி விட்டுத் தேர்ந்துகொள்ள முடியுமா என்பதையும் ஹஸ்ரத்திடம் கேளுங்கள். மருத்துவன் என்ற முறையில் எனக்கு அது பிடித்தமான ஏற்பாடு.

அண்ணனிடம் ஒன்றை மட்டும் நினைவுபடுத்துங்கள். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டது அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றும் ஆயுள் இறைவன் கையில்தான் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் நோன்பு வைத்தால்

வைக்கலாம் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டால் மறைக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். பலர் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தத் தவறான அச்சம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும், தொண்டைக்குள் இறங்கியதை விழுங்காமல் பார்த்துக்கொண்டால், நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1997-இல் முடிவு தெரிவித்தது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முடித்துவிட வேண்டும். நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு அரை மணி நேரம்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. தாழ்வுக்கு, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீர் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றாலும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நேரம் கடத்தாமல் ஆம்புலன்ஸைத்தான் அழைக்க வேண்டும்.

தொழுகை

இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நோன்பு இல்லை என்றானதும் அவர் தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகையில்தான் ஈடு செய்யப் பார்ப்பார். பைபாஸின்போது பிளக்கப்பட்ட மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூடுவதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் வரை ஆகும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். நெற்றி தரையில் படும் சஜ்தாவிலிருந்து எழும்போது உள்ளங்கைகளை ஊன்றி உடல் எடை முழுவதையும் தோள்களில் ஏற்றுகிறோம். அந்த அழுத்தம் நேராக அந்த எலும்பில் போய் விழுகிறது. எழும்போது நெஞ்சில் 'கிளிக்' என்று ஏதோ நகர்வது போல் உணர்கிறாரா என்று கேளுங்கள். உண்டென்றால் ரமலான் வரை காத்திராமல் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். நிபுணர் சம்மதிக்கும்வரை முதுகு சாயும் நாற்காலியில் அமர்ந்து தொழட்டும். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது நீங்கள் அறிந்த நபிமொழிதான். பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்தால், நெடுநேரம் நின்ற இரவில் அந்தக் கால் வீங்கும். தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள்.

நோன்பில்லாத மாதத்தில் அவருடைய இடம் எது என்பதை வீட்டார் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது நல்லது. விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எல்லோருடனும் எழுந்து உட்காரட்டும். இஃப்தார் நேரத்தில் துஆவை (பிரார்த்தனையை) அவரே ஓதட்டும். குர்ஆனை நாளுக்கு ஒரு ஜுஸ்வு (முப்பதில் ஒரு பாகம்) வீதம் பேரப்பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டட்டும். பகலில் அவர் சாப்பிடுவது மட்டும் சங்கடமான விஷயம். நோன்பு வைத்திருக்கும் பேரன் முன்னால் தட்டை எடுக்க மனம் வராது. அதற்காகவே பட்டினி கிடப்பார், அதுவும் மறைமுக நோன்புதான். ஓர் அறையையும் ஒரு நேரத்தையும் அதற்கென ஒதுக்கி, அம்மா மட்டும் உடனிருக்கட்டும். அவருக்குத் துணையாக நீங்களும் நோன்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது ஹஸ்ரத்திடம் கேட்க வேண்டியது. என் அனுபவத்தில் சொல்வதானால், தம் பொருட்டு வீடே நோன்பை விட்டது என்றறிந்த எந்தத் தகப்பனும் அதனால் ஆறுதல் அடைந்து நான் பார்த்ததில்லை.

பெருநாளும் உம்ராவும்

உறவினர்களை வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். நேரத்தை மட்டும் வகுத்துக் கொடுங்கள். முற்பகலில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், இடையில் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லட்டும். பெருநாள் தொழுகை முடிந்ததும் மார்போடு மார்பு சேர்த்துத் தழுவுவது வழக்கம். அன்பு மிகுந்த ஒரு மருமகன் இறுக்கி அணைத்தால் ஆறிவரும் எலும்புக்கு அது நல்லதல்ல. அவர் பக்கத்தில் நின்று நீங்களோ அண்ணனோ, 'தோளில் மட்டும்' என்று சிரித்தபடி சொல்லிவிடலாம். வருகிறவர் ஒவ்வொருவரும் ஊட்டிவிடும் ஒரு வாய் இனிப்பும், அன்றைய உணவின் உப்பும் மறுநாள்தான் தம் வேலையைக் காட்டும். தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது உடம்பில் தேங்கும் நீர், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உம்ரா இந்த ரமலானில் வேண்டாம். கஅபாவை வலம்வரும் தவாஃபில் ஏழு சுற்று, அதன் பின் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு நடை. அந்த நடை மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். கடைசிப் பத்து நாட்களின் நெரிசலில் அவசரத்துக்கு வெளியே வருவதே பெரும்பாடு. ஆறு மாதம் கழித்து, நடைப் பரிசோதனை முடித்து, கூட்டம் குறைந்த காலத்தில், சக்கர நாற்காலி வசதியோடு போவது நடக்கக்கூடிய காரியம். நேர்ந்துகொண்டது அண்ணன், அத்தா அல்ல என்பதால், அதைத் தள்ளிப்போடுவது பற்றி ஹஸ்ரத்திடம் அவரே கேட்டுக்கொள்ளட்டும்.

மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். ரமலானுக்கு முன் மருந்து மாற்றங்களைச் செய்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க இரண்டு வாரமாவது தேவை. மாத்திரை அட்டைகள், சர்க்கரைக் குறிப்பேடு, அறுவை சிகிச்சை அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அந்த இரண்டு மாத்திரைகளைப் பற்றியும் சொல்லுங்கள், ஆனால் அத்தா இருக்கும்போது, அவரையே சொல்லவிட்டு. ஹஸ்ரத் உடன் வரச் சம்மதித்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த மருத்துவரும் இன்னொரு நாற்காலி போட மறுக்கமாட்டார்.